கூத்து ஏடும் ஊர்ப்புற நூலகமும்

தமிழ்நாட்டில் எழுத்தறிவுக்குக் கலையைத் துணைக்கு அழைப்பது புதிதல்ல. 1990இல் பாரத் ஞான விஞ்ஞான ஜாதா கிளம்பியபோதும், அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வேகம் பிடித்தபோதும் ஊருக்குள் முதலில் நுழைந்தவை வீதி நாடகமும் பாட்டும்தான். பாடப்புத்தகமும் கரும்பலகையும் பின்னால் வந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டபோதும் அதே வழிதான். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் ஆட்டம் பாட்டத்தோடு பெற்றோரிடம் செய்தி சொல்லின. இந்த முயற்சிகளின் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றிலும் கலைக்குக் கிடைத்தது தண்டோரா போடுகிற வேலை. கூட்டம் சேர்ந்ததும் பறையும் பாட்டும் வேன் ஏறிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கவைக்கிற பாடு அதன்பின் தனியாகத் தொடங்கும். அழைத்து வந்த கலை கொஞ்சம் உள்ளேயும் உட்கார்ந்து வேலை செய்தால் என்ன என்று நாம் போதுமான அளவு கேட்கவில்லை. பிரதியைக் கையில் பிடித்துப் படித்தாலொழிய நிகழ்த்தவே முடியாது என்கிற நிலையில் கலையை வைத்தால் அது வாசிப்பைக் கற்றுக்கொடுக்கும். அப்படி வைக்காத கலை கைதட்டலோடு முடிந்துபோகும். சாலவாக்கம் போன்ற ஊரில் இதற்குப் பொருத்தமான இடம் நூலகம், பொருத்தமான கலை கூத்து என்பது என் வாதம்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் இருக்கும் சாலவாக்கம், சுற்றியுள்ள சிற்றூர்களுக்குக் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் காவல் நிலையமுமாக இருக்கும் ஊர். ஏரிப் பாசனத்து விவசாயமும் அக்கம்பக்கத்துக் கல்குவாரி, கிரஷர் வேலையும் அந்த வட்டாரத்தின் பிழைப்பு. இந்த ஊருக்கென்று தனிக் கணக்கு எடுத்துத்தான் பேச வேண்டும் என்பதில்லை. மாநிலக் கிராமப்புறத்தின் நிலவரமே போதும். பிரதம் அமைப்பு நடத்தும் அசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் 2018இல் 40.7 சதவீதம், பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் 25.2 சதவீதம். மூன்றாம் வகுப்பில் 10.2 என்பது 4.8 ஆக இறங்கியது. அசர் அளவுகோலைப் பற்றிய விமர்சனங்கள் உண்டு. ஆனால் வீழ்ச்சி நடந்தது என்பதில் தகராறு இல்லை. சரிவைத் தடுக்க அரசு 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. அதில் பாட்டும் பொம்மையும் கதையும் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டன என்பது நல்ல விஷயம். ஆனால் 2022இல் ஐந்தாம் வகுப்பில் தடுமாறியவர்கள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். அவர்களின் ஆசிரியர்களுக்குப் பாடத்தை முடிக்கிற அவசரம். எழுத்துக்கூட்டும் வயது தாண்டிவிட்டது என்ற நினைப்பு வேறு. சிறு பிள்ளைகளுக்கான திட்டங்களுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் நடுவில் நழுவிப்போகிறவர்கள் இவர்கள்தான்.

இவர்களுக்கு உதவுவதில் இருக்கும் முதல் தடை மானம். பதின்மூன்று வயதுப் பையனிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அவன் அதைத் தொடமாட்டான். தொட்டால் கூட்டாளிகள் சிரிப்பார்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் வெளியிட்ட சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைப்படுத்தியது நல்ல ஏற்பாடு. ஆனாலும் எல்லாரும் பார்க்க ‘நுழை’ புத்தகத்தை எடுப்பதற்குப் பதின்ம வயதில் துணிச்சல் வேண்டும். இரண்டாவது தடை, சரளமாகப் படிப்பதற்குத் திரும்பத் திரும்பப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது. அமெரிக்க உளவியலாளர் சாமுவேல்ஸ் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் முறையாக்கிச் சொன்னது. ஒரே பத்தியைத் தடையின்றி வரும்வரை பலமுறை படித்தால் வேகமும் பிழையின்மையும் கூடுகின்றன. அடுத்த பத்திக்குப் போகும்போது தொடக்கமே சற்று மேம்பட்டிருக்கிறது. ஆனால் காரணமில்லாமல் ஒரே பக்கத்தை இருபது தடவை எந்தப் பிள்ளை படிக்கும்? ஒத்திகை அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. துரியோதனன் வேஷத்துக்கான ஏடு கையில் இருந்தால் அது குழந்தைப் புத்தகம் அல்ல. இருபது தடவை படிப்பது தண்டனையும் அல்ல. இரண்டு தடைகளையும் ஒரே நேரத்தில் விலக்குகிற வேறு ஏற்பாடு சுலபத்தில் கிடைக்காது.

இங்கே கல்வி ஆய்வாளர்கள் ஒரு நியாயமான ஆட்சேபத்தை எழுப்புவார்கள். கலை கற்றால் படிப்பும் வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் மெலிந்தது. ஓஇசிடி அமைப்புக்காக எலன் வின்னரும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. ஓவியமோ நடனமோ கற்பதால் மற்றப் பாடங்களில் மதிப்பெண் ஏறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கலையை அதன் பொருட்டே கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோடை விடுமுறையில் நூலகத்தில் ஓவியப் போட்டி வைத்துவிட்டு வாசிப்பை வளர்த்தோம் என்று அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். ஆனால் அதே மதிப்பாய்வு ஒரு விதிவிலக்கைத் தெளிவாகக் குறிக்கிறது. அது வகுப்பறை நாடகம். ஆன் போட்லோஸ்னி 2000ஆம் ஆண்டில் 80 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கதையை நடித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு மொழித்திறன் கூடியிருந்தது. நடித்த கதையில் அந்த விளைவு வலுவாகத் தெரிந்தாலும் புதிய பிரதிகளைப் படிக்கும்போதும் ஓரளவு தொடர்ந்தது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 1983இல் பிராட்லியும் பிரையண்டும் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை. எதுகை மோனை போன்ற ஒலி ஒற்றுமைகளைப் பிரித்தறியப் பழகிய குழந்தைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். ஒலியோடு எழுத்து வடிவத்தையும் சேர்த்துப் பழகியவர்களின் முன்னேற்றம் அதைவிடப் பெரியது. நம் நாட்டில் பிரிஜ் கோத்தாரி 1999இல் குஜராத் தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சியில் பாட்டின் வரிகளை அதே மொழியில் திரையடியில் ஓடவிட்டதும் இந்தக் கொள்கையின்படிதான். காது கேட்கிற வரியைக் கண்ணும் அதே நொடியில் பார்க்க வேண்டும். மூன்று சான்றுகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன. வாசிப்புக்கு உதவுவது அச்செழுத்து உள்ளே இருக்கும் கலை. அது இல்லாத இடத்தில் கலை நல்ல பொழுதுபோக்கு. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் வேறு கணக்கில்.

வட தமிழகத்துக்கு இந்த இணைப்பு வெளியிலிருந்து வர வேண்டிய ஒன்றல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். பல நாள் நடக்கும் அந்த விழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளை வாசித்துப் பொருள் சொல்வார். அன்று சொன்ன கதையை ஒட்டி இரவில் கூத்து நடக்கும். கடைசியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தோடு படுகளம். ஆல்ஃப் ஹில்டபைட்டலின் விரிவான ஆய்வுகளால் உலகமே அறிந்துகொண்ட இந்த விழாவில் நமக்கு முக்கியம் அதன் அமைப்பு. பகலில் ஏடு, இரவில் ஆட்டம். ஒரே கதையை எழுத்தாகக் கேட்டு, உடலாகப் பார்த்து, மறுநாள் திண்ணையில் விவாதித்து ஊர் உள்வாங்கிக்கொள்கிறது. அச்சு வந்தபோது சென்னையின் மலிவுப் பதிப்பாளர்கள், இரத்தின நாயகர் அன் சன்ஸ் உட்பட, இந்தக் கதைகளையும் நாடகங்களையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாக வெளியிட்டார்கள். அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பதற்குத் தோதான புத்தகங்கள் அவை. தமிழின் மிகப் பெரிய வெகுஜன வாசிப்பு முயற்சி என்று அவற்றைச் சொல்லலாம். அரசு எதுவும் அதற்குக் காசு கொடுக்கவில்லை.

கூத்தின் உள்ளமைப்பைக் கிட்டத்தில் பார்த்தால் அது வாசிப்புப் பயிற்சிக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்பது புரியும். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ராஜ வேஷம் பாட்டாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. ஒவ்வோர் அடியையும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். திரை விலகியதும் கட்டியக்காரன் நீர் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று கேட்கிறான். ராஜா பேசுவது வசன நடைத் தமிழ். கட்டியக்காரன் பேசுவது ஊர்ப் பேச்சு. ராஜா சொன்ன பெரிய வார்த்தையை வேண்டுமென்றே தப்பாக வாங்கிக்கொண்டு கேலி செய்து, கடைசியில் சபைக்குப் புரியவைப்பதும் அவன் வேலை. இப்போது இதை நூலகத்து மேசைக்குக் கொண்டுவரலாம். கர்ண மோட்சத்தில் கர்ணனும் பொன்னுருவியும் விடைபெறும் கட்டத்தைப் பெரிய எழுத்தில் அடித்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுக்கிறோம். நன்றாகப் படிக்கிற பெண் ஓர் அடியைப் படிக்கிறாள். தடுமாறுகிற நான்கு பேர் பின்பாட்டாக அதே அடியை விரலால் தொடர்ந்துகொண்டே திருப்பிச் சொல்கிறார்கள். தப்பு வந்தால் கூட்டத்தின் குரலோடு கரைந்துவிடும். யார் தடுமாறினார் என்று தெரியாது. கட்டியக்காரன் வசனம் மட்டும் பிரதியில் காலியாக விடப்பட்டிருக்கிறது. அதைப் பிள்ளைகள்தான் தங்கள் பேச்சில் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பேச வேண்டும். கையெழுத்து புரியாவிட்டால் எழுதியவரிடமே சண்டை வரும், அந்தச் சண்டை நல்லது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் இருக்கும் பெரிய இடர்ப்பாடு 247 எழுத்து மட்டுமல்ல. வீட்டில் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் எட்டி நிற்பதும்தான். புத்தகத் தமிழைக் காதால் கேட்டுப் பழகாத பிள்ளை, எழுத்துக்கூட்டிய பிறகும் பொருள் தெரியாமல் திகைக்கிறது. ராஜாவும் கட்டியக்காரனும் ஒரே மேடையில் நின்று பேசும்போது அந்த இரண்டு தமிழும் நேருக்கு நேர் உட்கார்ந்துவிடுகின்றன. இந்த வசதி நவீன வீதி நாடகத்தில் இல்லை; அதனால்தான் கூத்து என்கிறேன்.

கூத்துக் கலைஞர்கள் பலர் எழுதப் படிக்கத் தெரியாமலே பெரிய வாத்தியார்களாக விளங்கினார்களே, ராவெல்லாம் ஆடும் கதையை முழுக்கக் காதால் கேட்டே பாடம் செய்தார்களே, அப்படியிருக்க கூத்தால் எழுத்தறிவு எப்படி வரும் என்று கேட்கலாம். எதிர்க்கேள்விகளில் வலுவானது இதுதான். பதில் நேரானது: தானாக வராது. கூத்து எழுத்தைக் கோருவதில்லை; நாம்தான் அதைக் கோரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூத்துக்கு வந்த பெ. ராஜகோபால், டச்சு ஆய்வாளர் ஹன்னே டி புருயினோடு சேர்ந்து வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கியது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அந்தச் சங்கம் 2002இல் ஒரு குருகுலத்தைத் தொடங்கியது. அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளுக்குக் கூத்துப் பயிற்சியும் முறையான பள்ளிப் படிப்பும் சேர்ந்தே கிடைத்தன. கூத்தா படிப்பா என்று ராஜகோபால் தலைமுறை எதிர்கொண்ட தேர்வு அடுத்த தலைமுறைக்கு இருக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. தங்கிப் படிக்கும் பள்ளியை நடத்துவது செலவும் சுமையும் மிகுந்த காரியம். அதை ஊருக்கு ஒன்றாகப் பெருக்க முடியாது. ஆனால் கலையையும் எழுத்தையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாம் என்று பதினெட்டு ஆண்டுகள் நடத்திக் காட்டிய அனுபவம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நூலகம் செய்ய வேண்டியது அதன் எளிய வடிவத்தை, வாரத்துக்கு இரண்டு மாலைகள், தங்கும் செலவு இல்லாமல். காதால் கேட்டே ஒப்பித்துவிடுகிற கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சமாளிக்கவும் வழி உண்டு. வேஷங்களை ஒத்திகைக்கு ஒத்திகை மாற்றலாம். வசனத்தை வரி வரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். மாதம் ஒரு முறையாவது யாரும் கேட்டிராத புதிய காட்சியைக் கொடுக்கலாம்.

இன்னொரு ஆட்சேபம் சமூகம் சார்ந்தது. கூத்து கோயிலோடும் சாதியோடும் ஒட்டியது. ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடிய கலை. அதை அரசு நூலகத்துக்குள் கொண்டுவரலாமா? கொண்டுவரலாம், ஆனால் அப்படியே அல்ல. புஞ்சரசந்தாங்கலில் பெண் பிள்ளைகளும் பயின்று மேடை ஏறினார்கள். ஆகவே அந்தக் கதவு ஏற்கனவே திறந்தாகிவிட்டது. கதையும் பாரதமாகவே இருக்கத் தேவையில்லை. சாலவாக்கத்தின் வட்டத் தலையூரான உத்திரமேரூரிலேயே ஒரு காட்சி கல்லில் எழுதப்பட்டுக் காத்திருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் முப்பது குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதை விவரிக்கின்றன. குடத்தைச் சபையோர் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கியவர் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். அரங்கக் குறிப்பு எழுதுகிறவர்கூட இவ்வளவு நுணுக்கமாக எழுதமாட்டார். பின்பாட்டுக்கு இடம்கூட ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சபை சதுர்வேதிமங்கலத்து அந்தணர்களுடையது. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. பெண் பெயரும் போகாது. நாடகத்தில் கட்டியக்காரன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், எங்க வீட்டுப் பேரு ஏன் இந்தக் குடத்துல இல்ல என்று. அந்த வசனத்தை எழுத முயலும் பிள்ளைக்குக் கல்வெட்டின் செய்தியைத் தேடிப் படிக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. நூலகம் இருப்பதே அதற்காகத்தான்.

பள்ளியிலேயே இதைச் செய்யக் கூடாதா? செய்யலாம். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடக்கிறது. ஆனால் போட்டி என்று வந்ததும் நன்றாக ஆடுகிறவர், நன்றாகப் பேசுகிறவர் மேடைக்குப் போவார்கள். படிக்கத் தடுமாறுகிறவர் பார்வையாளராகிவிடுவார். நூலகத்தில் வகுப்பு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆறாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் ஒரே பாயில் உட்காரலாம். பள்ளியை விட்டு குவாரி வேலைக்குப் போன பையனும் வரலாம். மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு 1931இல் அனுப்பிய கனகசபைப் பிள்ளையின் கனவும், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாக 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய சட்டமும் இப்படிப்பட்ட பொது இடத்தைத்தான் நினைத்தன. சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக இன்றும் போகிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டியது. ஆளும் புதிய புத்தகமும் தொடர்ந்து வராததால் அவற்றில் பல பூட்டிக் கிடந்தன. திறந்திருக்கும் நூலகங்களும் பெரும்பாலும் காலையில் நாளிதழ் படிக்கும் முதியவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கும் உரியவையாக இருக்கின்றன. அவர்களுக்கு அமைதி வேண்டும். நமக்குச் சத்தம் வேண்டும். வாசலிலோ மரத்தடியிலோ, வாரத்தில் இரண்டு நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் என்று ஒதுக்கினால் இரு தரப்பும் ஒத்துப்போகலாம்.

நூலகர் தலையில் இன்னொரு சுமையா என்ற கேள்வி நியாயமானது; பகுதிநேர நூலகங்களில் சொற்பத் தொகைக்கு வேலை செய்கிறவர்களிடம் நாடகமும் சொல்லிக்கொடு என்பது அநியாயம். இதற்கு ஏற்கனவே இருக்கிற வாசகர் வட்டம் பொறுப்பேற்க வேண்டும். கூத்து வாத்தியார் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கூத்து ஜமாக்களுக்கு மழைக்காலத்தில் ஆட்டம் குறைவு. கோயில் விழாக்கள் ஓய்ந்த அந்த மாதங்களில் வருகிற நிலையான சிறு வருமானம் அவர்களுக்கும் உதவும். வாத்தியாரை இலவசமாக அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பும் பழக்கம் இங்கே கூடாது. தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் கூத்தா என்று பெற்றோர் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியல் வினாத்தாளைப் படித்து முடிக்கவே திணறுகிற பிள்ளைக்கு அறிவியல் மட்டுமா பிரச்சினை என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம். வேகமாகப் படிக்க வந்தால் எல்லாப் பாடத்துக்கும் நேரம் மிஞ்சும். இருந்தாலும் நம்பிக்கையை மட்டும் கொடுத்து அவர்களை அனுப்ப முடியாது. எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நான்கு படிகளில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் படிக்கவைத்துப் பார்க்கும் அசர் தாளை யாரும் பயன்படுத்தலாம். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும். முதல் ஒத்திகைக்கு முன்னால் ஒருமுறை, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒருமுறை சாலவாக்கம் வாசகர் வட்டம் அதைச் செய்து பார்க்கட்டும். கூத்துக்கு வராத பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைத்துப் பார்க்க வேண்டும், ஒப்பிட வேறு வழியில்லை. வந்தவர்கள் படியேறியிருந்தால் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் அடுத்த ஆண்டுக்கு வாத்தியார் சம்பளத்தை நிதிநிலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஏறவில்லை என்றால் கூத்தை விழாவுக்கு விட்டுவிட்டு, அந்த இரண்டு மாலைகளில் வேறு வழி தேட வேண்டும்.